சீட்டின் விதி மாறும்போது: மரபணுவும் மூளையின் நிர்வாகத் திறனும்

மகனின் எச்சிலைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். சிஓஎம்டி மரபணுவில் ‘வேல்/வேல்’, அதனால் சிந்தனை நெகிழ்வு குறைவு என்று அறிக்கை வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். 22-ஆம் குரோமோசோமில் உள்ள அந்த மரபணு, மூளைச் செல்களிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை உருவாக்குகிறது. நொதியின் 158-ஆம் இடத்தில் வேலின் அல்லது மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கும்; அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வேலின் வகையே வந்திருந்தால் ‘வேல்/வேல்’. வேலின் வகை வேகமாக வேலை செய்வதால் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியில் டோபமைன் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. 2001-இல் ஓர் அமெரிக்க ஆய்வு, வேலின் வகை உள்ளவர்கள் விஸ்கான்சின் சீட்டுச் சோதனையில் சற்று அதிகம் தடுமாறுவதாகச் சொன்னது. 2008-இல் பல ஆய்வுகளைத் திரட்டி அலசியபோது, பெரும்பாலான சோதனைகளில் அந்தத் தொடர்பு காணாமல் போனது. அறிக்கை விற்பவர்கள் முதல் செய்தியோடு நின்றுவிட்டார்கள்!

அது என்ன சீட்டுச் சோதனை?

மேசையில் நான்கு சீட்டுகள்: ஒரு சிவப்பு முக்கோணம், இரண்டு பச்சை நட்சத்திரம், மூன்று மஞ்சள் சிலுவை, நான்கு நீல வட்டம். உங்கள் கையில் வரும் சீட்டை ஏதாவது ஒன்றோடு சேர்க்க வேண்டும். நிறத்தை வைத்தா, வடிவத்தை வைத்தா, எண்ணிக்கையை வைத்தா என்று சொல்லமாட்டார்கள். ‘சரி’, ‘தவறு’ மட்டும்தான் பதில். தொடர்ந்து பத்து முறை சரியாக வைத்ததும் சத்தமில்லாமல் விதி மாறும். ‘தவறு’ என்று கேட்டும் பழைய விதியையே பிடித்துத் தொங்குகிறோமா என்பதைத்தான் எண்ணுகிறார்கள்.

இப்படிப் பழையதை அடக்கிப் புதியதற்கு மாறும் ‘நிர்வாகத் திறன்’ 99 சதவீதம் மரபுவழி என்று படித்தேன். பிறகு முயற்சி எதற்கு?

2008-இல் கொலராடோ இரட்டையர்களிடம் கிடைத்த எண் அது. பல சோதனைகளுக்கும் பொதுவான ஒரு கூறைக் கணக்கில் பிரித்தெடுத்து, அதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு மரபணுவால் வருகிறது என்று அளந்தார்கள். உங்கள் மகனின் திறனில் 99 பங்கு மரபணு என்று அதற்குப் பொருள் இல்லை. இன்னொன்று: 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை ஆராய்ந்ததில் இத்திறனோடு தொடர்புள்ள 129 இடங்கள் சிக்கின. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு.

நினைவாற்றல் விளையாட்டுச் செயலி வாங்கலாமா?

அந்த விளையாட்டில் கெட்டிக்காரன் ஆவான்.

ஒரே மரபணு நிர்வாகத் திறனைப் பாதிப்பதே இல்லையா?

உண்டு. ஃபினைல்கீட்டோனூரியா நோயில் ஒரே மரபணுப் பழுதால், உணவுப் புரதத்தில் உள்ள ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் உடலில் தேங்குகிறது. கவனிக்காமல் விட்டால் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சொட்டு இரத்தத்தில் கண்டுபிடித்து, முதல் வாரங்களிலேயே புரதம் குறைத்த உணவைத் தொடங்கினால் அந்தக் கதி நேராது. ஆனாலும் ஃபினைல்அலனின் சற்றுக் கூடுதலாகவே இருந்துவந்த குழந்தைகள், முந்தைய விதியை அடக்கிப் புதியதைப் பின்பற்றும் சோதனைகளில் பின்தங்கியதை மூளை வளர்ச்சி ஆய்வாளர் அடேல் டயமண்ட் குழுவினர் 1997-இல் காட்டினார்கள்.