வீடியோ காலில் இதயப் பயிற்சி: சர்க்கரையும் இருந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. பல வருடமாகச் சர்க்கரை. இப்போது இதயச் செயலிழப்பும் சேர்ந்திருக்கிறது. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், பைசோப்ரோலால், தண்ணீர் மாத்திரை எடுக்கிறார். மருத்துவமனை 60 கி.மீ. தள்ளி இருப்பதால், வாரம் மூன்று நாள் வீடியோ காலில் பயிற்சி தருவதாக பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார். ஆபத்தில்லையா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் முதல் பரிசோதனை நேரில்தான்: எக்கோ, ஈசிஜி, ஆறு நிமிட நடைச் சோதனை, இதய மருத்துவரின் சம்மதம்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், ஒரே மெஷினில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் பெரும்பாலும் அது உடம்பில் தேங்கிய நீர். அன்று பயிற்சி கிடையாது, மருத்துவருக்குப் போன் போடுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றாலும் அப்படியே.

கிளிமிபிரைடு சர்க்கரையைத் தாழ இறக்கக்கூடியது. அதனால் ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு சின்ன வாழைப்பழம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுங்கள். அன்றைக்குப் பயிற்சி வேண்டாம். பயிற்சியின் தாக்கம் இரவு வரை நீளும் என்பதால் ஆரம்ப நாட்களில் படுக்கும் முன்பும் ஒரு முறை பாருங்கள். அடிக்கடி இறங்கினால் மாத்திரை அளவை மருத்துவர்தான் குறைக்க வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பலர் கோட்டை விடுவது பைசோப்ரோலால் விஷயத்தில். அது நாடித்துடிப்பை அடக்கி வைப்பதால், வாட்ச் காட்டும் எண்ணை வைத்து அப்பா எவ்வளவு சிரமப்படுகிறார் என்று கணிக்க முடியாது. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பு, கை நடுக்கத்தையும் அது மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. உட்கார்ந்து, ஃபேன் போட்ட பிறகும் வியர்த்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். சிரமத்தை அளக்கப் பேச்சே போதும்: முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

போனைப் பேரன் கையில் கொடுத்தால் தெரபிஸ்ட்டுக்கு முகம்தான் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில், பாதம் வரை தெரியும்படி வையுங்கள். கணுக்கால் வீக்கத்தையும் முட்டி தடுமாறுவதையும் அவர் பார்த்தாக வேண்டும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அப்பா எழும்போது மூச்சை வெளியே விடட்டும்; அடக்கக்கூடாது. வெறுங்காலில் வேண்டாம், சாக்ஸ், ஷூ போட்டே செய்யட்டும். முடிந்ததும் உள்ளங்காலில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து முடிக்கட்டும்.

வீட்டில் அவர் தனியாக இருக்கும் நாளில் பயிற்சி வேண்டாம். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் 108-ஐ அழைக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

கால் வலிக்கிறது என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வாங்கிப் போடவே கூடாது. உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி இதயச் செயலிழப்பைக் கிளறிவிடும். பாராசிட்டமால் போதும்.