வேகாத கல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சோழவந்தான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மூன்றாம் வகுப்பு. ஜூன் 8 உலகப் பெருங்கடல் நாளையொட்டிப் பிள்ளைகளைச் சார்ட் வரைய வைத்தேன், உறுதிமொழி பழக்கினேன். கடலாமையின் மூக்கில் ஸ்ட்ரா சிக்கிக்கொண்ட வீடியோவையும் செல்போனில் காட்டினேன். ஒரு சிறுமி அழுதுகொண்டே, "டீச்சர், அது நான் இளநீர் குடித்த ஸ்ட்ராவா?" என்று கேட்டாள். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. எங்கள் தலைமை ஆசிரியரோ, "கடலையே பார்க்காத பிள்ளைகளுக்குக் கடல் பாதுகாப்பு எதற்கு? கண்மாயைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள்" என்கிறார். இத்தனை சிறிய பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லித் தருவது? எந்த வீடியோக்களைக் காட்டலாம்? ராமேஸ்வரத்துக்கு அழைத்துப்போனால் பயன் இருக்குமா?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்தச் சிறுமியிடம் போய்ச் சொல்லுங்கள்: அந்த ஆமை சாகவில்லை. 2015இல் கோஸ்டாரிகா கடலில், ஆமைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் படகில் எடுத்த படம் அது. கையில் இருந்த சின்னக் குறட்டால் அந்தக் குழலைப் பிடுங்கி எடுத்து, ஆமையைத் திரும்பவும் கடலில் விட்டுவிட்டார்கள். நீங்கள் காட்டியது பாதியில் வெட்டிய துண்டாக இருக்கும். சோழவந்தானில் இளநீர் குடித்த பிள்ளைக்கும் அந்த ஆமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதை அவள் வீட்டுக்கே போய், இன்றைக்கே சொல்லுங்கள். என் பதிலின் மீதியை வந்து படித்துக்கொள்ளலாம்.

போய்விட்டு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு இனிக் கடிந்துகொள்கிறேன்.

எட்டு வயதுக் குழந்தையின் தலையில் எதை ஏற்றி வைத்தீர்கள் அம்மா? தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அதற்குப் பிறகும் இளநீர்க் கடையில் ஸ்ட்ரா கிடைக்கிறதென்றால் தயாரித்தவர், விற்றவர், கண்டும் காணாமல் போனவர் எல்லோரும் பெரியவர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நீருக்கு மேலே வந்துதான் மூச்சுவிட வேண்டும். இழுவைப் படகின் வலைக்குள் சிக்கினால் அடியிலேயே மூச்சு முட்டி இறக்கும். அந்தச் சாவுகளிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பங்கில்லை. நாம் செய்த பிழைக்கு அவளை உறுதிமொழி சொல்ல வைக்கிறோம். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். கையை நீட்டிச் சொல்லும் அந்த உறுதிமொழியை வேண்டுமானால் பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வையுங்கள்.

இன்னொன்று. அந்த வீடியோவில் வந்த இனமேதான் நம் கரைக்கும் முட்டையிட வருகிறது. பங்குனி வாக்கில் கரையேறுவதால் நம் மீனவர்கள் அதைப் பங்குனி ஆமை என்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்குக் காவடி பார்க்கிற பிள்ளைக்கு அந்தப் பெயர் உடனே ஒட்டிக்கொள்ளும். அதைச் சொன்னீர்களா? உங்கள் சார்ட்டில் என்னென்ன வரைந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் பார்த்த பள்ளிச் சுவர்களிலெல்லாம் பென்குவின் இருக்கிறது. பாக் நீரிணையில் கடற்புல் மேயும் கடற்பசு எந்தச் சுவரிலும் இல்லை. அதற்கு ஆவுளியா என்று பெயர். சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள்.

எந்த வீடியோ என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. செல்போனைப் பையில் வைத்துவிடுங்கள்.

தலைமை ஆசிரியர் சொன்னது பாதி சரி. கண்மாயைச் சொல்லித்தர வேண்டியதுதான். ஆனால் கடல் மதுரைக்கு அந்நியம் என்று அவர் நினைப்பதை என்னால் ஏற்க முடியாது. மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே எழுகடல் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. கதை அவருக்கும் தெரிந்திருக்கும். மீனாட்சியின் தாய் காஞ்சனமாலைக்குக் கடலாட ஆசை. முதிய வயதில் அவ்வளவு தூரம் போக வேண்டுமே என்று, மருமகனான சொக்கநாதர் ஏழு கடலையும் மதுரைக்கே அழைத்துவிட்டார். திருவிளையாடலில் ஒரு படலமே அது. குளம் போய்விட்டது, தெருவின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கடலுக்குப் போக முடியாதவருக்குக் கடலைக் கொண்டுவந்து கொடுத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, கடல் பார்க்காத பிள்ளைக்குக் கடல் எதற்கு என்று கேட்கலாமா?

கொஞ்ச நாளாகவே நான் நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. அதைச் சொல்கிறேன்.

திருப்புவனம் பக்கத்தில் என் அப்பத்தாவின் வீடு. மண்சுவர், ஓட்டுக்கூரை. மார்கழி கடைசியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்க ராமநாதபுரம் பக்கமிருந்து வண்டியில் சுண்ணாம்புக் கல் வரும். மதுரைக்காரர்களுக்குக் காளவாசல் என்றால் பஸ் நிறுத்தம். அந்தச் சொல்லுக்குப் பொருள் சூளை. அப்படி ஏதோ ஒரு கடலோரக் காளவாசலில் சுட்ட கல்லை அப்பத்தா வாய் உடைந்த பெரிய மண்பானையில் போட்டுத் தண்ணீரை ஊற்றுவாள். ஒரு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு சீறும். கல் வெடித்துப் பிளந்து, புகைந்து, பானை முழுக்க உலைபோலக் கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று எங்களைத் தொழுவத்தின் பக்கம் துரத்திவிடுவாள். நீற்றிய சுண்ணாம்பைப் பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் நீலம் கரைத்து, நசுக்கிய தென்னை மட்டையால் சுவரில் அடிப்பார்கள்.

பானையின் அடியில் சில கற்கள் நீறாமல் கிடக்கும். சூளையில் சரியாக வேகாதவை. வேகாத கல் என்றே சொல்வோம். ஆறிய பிறகு அவற்றைப் பொறுக்கிக் குப்பைக்குழியில் போடுவது என் வேலை. எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஒருநாள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கல்லைக் கழுவிப் பார்த்தேன். அதன் உடம்பெல்லாம் கடுகளவு குழிகள். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே ஒரு நட்சத்திரம் தெரியுமே, அதுபோல ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒன்று. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் நின்றன. ஈர்க்குச்சி நுனியை வைத்து ஒரு குழியில் எண்ணினேன். பன்னிரண்டு. அடுத்த குழியிலும் பன்னிரண்டு. யார் இதை இவ்வளவு பொறுமையாகச் செதுக்கினார்கள் என்று திகைத்து அப்பத்தாவிடம் ஓடினேன். கையெல்லாம் சுண்ணாம்போடு அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கடலில் கல்லும் பூக்கும்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

அந்தக் கல் என்னோடு ஐந்தாறு வருடம் இருந்தது. கால்சட்டைப் பையில், பிறகு புத்தகப் பையில். கல் எப்படிப் பூக்கும் என்று எத்தனையோ இரவு படுத்தபடி யோசித்திருக்கிறேன். அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்கும் கடலுக்கும் ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது.

முப்பது வயதுக்கு மேல் மண்டபத்தில் ஒரு வள்ளத்தில் போனபோது, தெளிந்த நீருக்கடியில் அதே நட்சத்திரங்களைப் பார்த்தேன். பவளம். கல்லுமில்லை, செடியுமில்லை. ஆயிரக்கணக்கான சின்ன உயிர்கள் கூடி வாழும் குடியிருப்பு. கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றித் தானே வீடு கட்டிக்கொள்கிறது. உள்ளறைத் தகடுகள் ஆறின் மடங்கில் இருக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். என் பன்னிரண்டு சரி. உருண்டையாக வளரும் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். படகோட்டி வந்த பெரியவர், முன்பெல்லாம் வள்ளம் வள்ளமாகக் கல் வெட்டி ஏற்றினோம், எல்லாம் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போயிற்று என்றார். கண்மாய்க்குக் கரை எப்படியோ, அந்தக் கடலில் இருக்கும் தீவுகளுக்குப் பவளத்திட்டு அப்படி. அலையை அதுதான் தாங்குகிறது. கரையை வெட்டினால் கண்மாய் என்ன ஆகும்? 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்த மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியமான காரணம்.

படகிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பத்தா வீட்டுச் சுவர் அவ்வளவு வெள்ளையாக இருக்கும் அம்மா. பொங்கலன்று வெயில் பட்டால் கண் கூசும். அதில் அந்தத் தீவுகளின் பொடி எவ்வளவோ.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும், திரும்பத் திரும்பச் சொல்வதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது வயதில் அப்பத்தா என்னிடம், "இந்தக் கல்லை வெட்டியதால் தீவு மூழ்கப்போகிறது, நம் வீட்டுச் சுவர்தான் காரணம்" என்று சொல்லியிருந்தால் நான் அந்தக் கல்லை அன்றே குப்பைக்குழியில் எறிந்திருப்பேன். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரைப் பார்க்கவும் பயந்திருப்பேன். இருபது வருடம் அந்தக் கல்லை மனத்தில் வைத்துப் பழகியிருந்ததால்தான் உண்மையைக் கேட்டபோது அழ முடிந்தது. அழுதுவிட்டு அந்தக் கடலைப் பற்றி இன்றுவரை எழுதிக்கொண்டும் இருக்க முடிகிறது. பழகாத ஒன்றுக்காகப் பயப்படலாம், வருந்த முடியாது. முதலில் பழக விடுங்கள். வருத்தம் வர வேண்டிய வயதில் தானாக வரும். அதற்கு நாம் அவசரப்பட வேண்டியதில்லை. நீங்கள் அவசரப்பட்டதால் ஒரு பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

பழக வைக்க ராமேஸ்வரம் வரை போகத் தேவையில்லை. உங்கள் பிள்ளைகளின் வீடுகளிலேயே கடல் இருக்கிறது. தம்பிக்குப் பால் புகட்டிய சங்கு, தாயம் உருட்டும் சோழி, கல் உப்பு, கருவாடு. ஒரு கணவாய் ஓட்டை எடுத்து வந்து நகத்தால் கீறச் சொல்லுங்கள், மாவாக உதிரும். எடையே இல்லாத இந்த ஓடு எந்தப் பிராணிக்குள் இருந்தது, எதற்காக இருந்தது என்று அவர்களையே யோசிக்க விடுங்கள். ஒரு வகுப்பு போதாது. பவளத்தை மட்டும் யாரும் கொண்டுவர வேண்டாம். 2001 முதல் சட்டத்தில் புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு பவளத்துக்கும் இருக்கிறது. என் கல்லும் இப்போது என்னிடம் இல்லை, வீடு மாறியதில் எங்கோ போய்விட்டது.

சுற்றுலாதான் வேண்டுமென்றால் கீழடிக்குப் போங்கள். அங்கே சங்கு வளையல்கள் கிடைத்திருக்கின்றன. உங்கள் ஊர் வழியாகப் போகும் அதே வைகையின் கரையில், அத்தனை காலத்துக்கு முன்பே ஒரு பெண்ணின் கையில் கடல் இருந்திருக்கிறது. அங்கிருந்து ஆற்றோடு இன்னும் கிழக்கே போனால் ராமநாதபுரம் பெரிய கண்மாய், அதையும் தாண்டினால் ஆற்றங்கரை என்ற ஊரில் கடல். வருசநாட்டு மலையிலிருந்து 258 கிலோமீட்டர். சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலிடம் போக மாட்டேன் என்று வைகை மறுப்பதாக ஒரு பழைய பாட்டு உண்டு. மதுரையைக் கடக்கும்போது அந்த ஆற்றில் இன்று நாம் எதைக் கலக்கிறோம் என்பதை உங்கள் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் தெரிந்துகொள்ளட்டும். இப்போது ஆறு எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும்.

கோடையில் மீன்காரரிடம் பேச விடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று. உங்கள் பெருங்கடல் நாளும் அதற்குள்தான் வருகிறது. இப்போது ஏன் மீன் குறைவு, ஏன் விலை அதிகம் என்று அவர் சொல்வதைவிட எந்தச் சார்ட்டும் தெளிவாகச் சொல்லிவிடாது.

உங்கள் ஊர் வெற்றிலைக் கொடிக்கால் ஊர். அந்தச் சிறுமியின் வீட்டிலும் வெற்றிலை போடும் பாட்டி இருப்பார். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்ததைப் பார்த்த தலைமுறை அவர்கள். பேத்தியோடு அவரையும் வகுப்புக்கு அழையுங்கள். சுண்ணாம்பு டப்பாவையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கிளிஞ்சல் நாலைந்து வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, பாட்டி பேசட்டும் என்று நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். தலைமை ஆசிரியருக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள்.

அன்புடன்.