ரோபோவின் கை பாரம் தூக்கவில்லை. பெரிய மோட்டார் வாங்கலாமா?

வாங்காதீர்கள். பள்ளிப் போட்டிக்கான ரோபோ, 12 வோல்ட் மோட்டார், அரை கிலோ பெட்டி, கை பாதி உயரத்தில் நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஆசிரியரா மாணவரா என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் மோட்டாருக்கான பணம் எளிதாக வந்திருக்காது என்று நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் ராமேசுவரம் தீவில் ஒரு பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். பொறியியல் படித்தவள் அல்ல. ரோபோப் போட்டிகளை நடத்துபவர்கள் இதைவிடச் சிறப்பாக விளக்குவார்கள். ஆனால் நீங்கள் இப்போது செய்யவிருக்கும் தவற்றை 2023இல் நாங்கள் முழுதாகச் செய்து முடித்தோம்.

எங்கள் ரோபோவின் கை 40 சென்டிமீட்டர் நீளம். அலுமினியச் சட்டம் 600 கிராம், நுனியில் இருந்த பிடிப்பான் 700 கிராம், தூக்க வேண்டிய பெட்டி உங்களுடையதைப் போலவே 500 கிராம். மோட்டாரின் மேலுறையில் 30 கிலோ-சென்டிமீட்டர் என்று போட்டிருந்தது; அதாவது அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தொலைவில் 30 கிலோவைத் தாங்கும் திருப்பு வலு. வேகத்தைப் பாதியாக்கி வலுவை இரட்டிப்பாக்கும் 1:2 பல்சக்கரம் வைத்தால் 60 கிடைக்கும், அரை கிலோ பெட்டிக்கு அது தாராளம் என்று பிள்ளைகளிடம் சொன்னது நான்தான். கை கிடைமட்டத்தை எட்டியதும் நின்றது. மோட்டார் முனகியது, தொட்டால் சுட்டது.

உடனே இரண்டு மடங்கு வலுவுள்ள மோட்டார் வாங்க முடிவு செய்தோம். எட்டுப் பிள்ளைகளும் ஆளுக்கு 150 ரூபாய் கொண்டுவந்தார்கள். அதில் ஒருத்தியின் பணம் அவள் அம்மா கருவாடு விற்ற பணம். மீதியை நான் போட்டேன். வகுப்பறையில் கை தூக்கியது. கைதட்டினோம்.

ராமநாதபுரத்தில் நடந்த போட்டியில் முதல் இரண்டு சுற்றுகள் ஓடின. மூன்றாவது சுற்றில் கை உச்சியில் இருந்தபோது மின்கம்பி ஒன்று கழன்றது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத கை தடாலென்று விழுந்தது, பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் நான்கு பற்கள் போயின. மாற்றுச் சக்கரம் எங்களிடம் இல்லை.

2022 டிசம்பரிலிருந்தே பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாமல் இருந்தது. எனவே பஸ்ஸில்தான் திரும்பினோம், ரோபோ என் மடியில். சாலைப் பாலத்தில் ஏறியதும் பக்கத்தில் பழைய ரயில் பாலம் தெரிந்தது. 1914இல் திறந்த பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டு இறக்கையாகப் பிரிந்து மேலே எழும்படி அதைக் கட்டியிருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "டீச்சர், அதை ஆட்கள் கையால் சுற்றித்தான் தூக்கினார்களாம், தாத்தா சொன்னார். அவ்வளவு இரும்பை ஆட்கள் எப்படித் தூக்குவார்கள்?"

எதிர்எடை என்று சொல்லத் தொடங்கினேன். இறக்கையின் பின்புறம் கனத்தை வைத்துச் சமப்படுத்திவிட்டால், ஆட்கள் உராய்வையும் காற்றையும் மட்டும் வென்றால் போதும். நெம்புகோல் பாடத்தில் துலாக் கிணற்றை எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன்! நீண்ட மரத்தின் ஒரு நுனியில் சால், மறுநுனியில் கட்டிய கல். பாதிச் சொல்லும்போதே என் தொண்டை அடைத்தது. பதினைந்து வருடமாகக் கற்பித்த பாடம் மடியில் இருந்த ரோபோவின் கைக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று இரவு கணக்குப் போட்டேன். உங்களுடையதையும் இப்படிப் போட்டுப் பாருங்கள். கை கிடைமட்டமாக இருக்கும்போதுதான் சுமை அதிகம். பிடிப்பான் 0.7 கிலோ, 40 சென்டிமீட்டர் தொலைவில்: 28. சட்டம் 0.6 கிலோ, அதன் நடுப்புள்ளி 20 சென்டிமீட்டரில்: 12. பெட்டி 0.5 கிலோ, 40 சென்டிமீட்டரில்: 20. மொத்தம் 60. எங்கள் மோட்டாரும் 1:2 சக்கரமும் சேர்ந்து தருவதும் சரியாக 60. மோட்டாரின் மேலுறையில் போட்டிருந்த அந்த 30, மோட்டார் சுற்றாமல் அப்படியே நின்றுபோகும் நிலைக்கான எண். அந்த நிலையில்தான் அது மிக அதிக மின்சாரத்தைக் குடித்துச் சூடாகும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்பது என் அளவுகோல்.

இதைவிட என்னை உலுக்கியது வேறு. 60இல் 40, கை தன்னைத்தானே தூக்கிக்கொள்ளச் செலவான முயற்சி. பெட்டிக்குப் போனது 20 மட்டும்.

மண்டபம் ஊரில் விசைப்படகு என்ஜின் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் ரோபோவை எடுத்துப் போனேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "டீச்சர், மோட்டாரைக் கழற்றி வையுங்கள். வெறும் கையை உயர்த்திவிட்டு விட்டுவிடுங்கள். விட்ட இடத்தில் அது நிற்கும்வரை மோட்டாரைத் தொடாதீர்கள்."

எதிர்எடையாக இரும்புத் துண்டைப் பின்னால் கட்டினால் ரோபோவின் எடை கூடும். அதனால் பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டி, கையைத் தாங்கும் தூணின் உச்சியிலிருந்து கையின் கீல் அருகே ஒரு புள்ளிக்கு இழுத்துக் கட்டினோம். கட்டும் இடத்தை ஒவ்வொரு சென்டிமீட்டராக நகர்த்தி, பட்டைகளைக் கூட்டிக் குறைத்து, நான்கு மாலைகள் போயின. ஐந்தாம் நாள் வெறும் கை ஒரு விரலால் தொட்டால் எழுந்தது, விட்டால் நின்றது. பிறகு புதிய மோட்டாரை எடுத்துவிட்டுப் பழைய 30 மோட்டாரையே பொருத்தினோம். பெட்டிக்கான 20 மட்டும் மிச்சம்; 1:2 சக்கரத்தால் மோட்டாருக்கு வருவது 10, அதாவது மூன்றில் ஒரு பங்கு. பெரிய மோட்டாரை விட வேகமாகத் தூக்கியது. மின்சாரம் போனாலும் கை விழவில்லை.

ரப்பர் கட்டுவது குறுக்குவழி என்று எழுத வருபவர்களுக்கு: 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக 17 மீட்டர் எழுகிறது, எடை சுமார் 660 டன். அங்கும் எதிர்எடைகள்தான் பாரத்தைத் தாங்குகின்றன. அதை யாரும் குறுக்குவழி என்று சொல்லவில்லை. கோணம் மாறும்போது ரப்பரின் இழுப்பு எடையோடு துல்லியமாகப் பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். கிடைமட்டத்தில் பொருந்தினால் பெரும்பாலும் போதும். ஆனால் உங்கள் போட்டி விதிகளில் ரப்பருக்கு அனுமதி உண்டா என்று முதலில் படியுங்கள். எங்கள் உப்புக் காற்றிலும் வெயிலிலும் ட்யூப் விரைவில் வெடிப்பதால் போட்டிக்கு முந்தைய நாள் புதிதாக மாற்றிவிடுவோம்.

இப்படிக் கை வைக்காமல் சறுக்குச் சட்டத்தில் கயிறும் கப்பியும் வைத்து நேராக ஏற்றுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. எங்கள் பிள்ளைகள் எளிதில் கிடைத்த தங்கூசி என்னும் மீன்பிடி நரம்பைக் கட்டினார்கள். அது இழுபட்டு நீளும். இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் நீண்டு சட்டம் கோணிக்கொண்டது. பின்னல் நூலுக்கு மாறிய பிறகுதான் நேராக ஏறியது.

ரோபோ தரையில் ஓடுவதையும் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் கை உயர்ந்ததும் ரோபோவின் எடைமையமும் உயர்கிறது. எங்களுடையது நிறுத்தும்போது முன்பக்கம் குப்புறச் சாய்ந்தது. பேட்டரியைத் தரைக்கு அருகே பின்புறம் வைத்து, கை மேலே இருக்கும்போது வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும்படி நிரலை மாற்றினோம். நான்கும் ரப்பர் சக்கரமாக இருந்ததால் திரும்பும்போது பக்கவாட்டில் தேய்ந்து குதித்தது. முன் இரண்டையும், விளிம்பில் சிறு உருளைகள் இருப்பதால் பக்கவாட்டிலும் நகரும் ஓம்னி சக்கரமாக்கியதும் வழுக்கித் திரும்பியது. எல்லாத் திசையிலும் ஓடும் மெக்கானம் சக்கரம் அழகுதான், நானும் ஆசைப்பட்டேன். எங்கள் வகுப்பறையில் மணல் இல்லாத நாளே கிடையாது. அதன் உருளைகளுக்குள் மணல் புகுந்து நெரிந்ததைப் பார்த்ததும் விட்டுவிட்டோம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. அடுத்த போட்டியில் நான்காம் இடம் வந்தோம். மேடையில் பேசியவர் "கலாம் பிறந்த மண்ணிலிருந்து வந்த பிள்ளைகள்" என்று மூன்று முறை சொன்னார். எந்த ஊர் மேடைக்குப் போனாலும் இதையே கேட்கிறோம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் பற்கள் எப்படி உடைந்தன, ட்யூபை எங்கே கட்டினீர்கள் என்று அந்தப் பிள்ளைகளிடம் ஒருவரும் கேட்கவில்லை. அந்த மண்ணில் ஒரு சிறிய பேரிங் வேண்டுமென்றால் மதுரைக்குப் போய்வர ஒரு நாள் போகிறது. பஸ் ஜன்னலோரம் கேட்டுவிட்டு, பிறகு நான்கு மாலைகள் ட்யூபை நகர்த்திய அந்தப் பெண்ணின் கேள்வியால்தான் அந்தக் கை எழுந்தது. மேடையில் அவள் பெயரைத் தப்பாக வாசித்தார்கள்.

இனி உங்கள் ரோபோ. முதலில் பிடிப்பானைக் கழற்றி எடை போடுங்கள். எங்களுடையதில் தேவையில்லாத திருகுகளையும் தடித்த தகட்டையும் எடுத்தே 150 கிராம் குறைந்தது. நுனியில் குறையும் ஒவ்வொரு கிராமும் கீலருகே குறைவதைவிடப் பல மடங்கு பயன் தரும். பிறகு மோட்டாரைக் கழற்றிவிட்டு அந்த அண்ணன் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். கை நீளம், மூன்று எடைகள், பல்சக்கர விகிதம் இவற்றைக் கீழே கருத்துப் பகுதியில் எழுதினால் கணக்கை நானே போட்டுத் தருகிறேன். ட்யூப் சைக்கிள் கடையில் சும்மாவே கிடைக்கும்.