டிவி டாங்கிளை வைத்து வீட்டு மொட்டை மாடியில் ரேடியோ வானியல் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் முதலில் எதைத் தேடுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வேகமாகச் சுழன்றபடி ரேடியோ துடிப்புகளை அனுப்பும் பல்சார் விண்மீன்கள் சின்ன டிஷ்ஷுக்கு எளிதில் எட்டாது. ஹைட்ரஜன் கோட்டில் தொடங்குங்கள் என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் நான் சொல்கிறேன்.

பால்வீதி முழுக்கப் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் 1420.4 மெகாஹெர்ட்ஸில் ரேடியோ அலைகளை வெளியிடுகின்றன; அதுதான் ஹைட்ரஜன் கோடு. டச்சு வானியலாளர் வான் டி ஹுல்ஸ்ட் இதை 1944-ல் கணித்தார். 1951 மார்ச்சில் ஹார்வர்டில் இயற்பியலாளர்கள் யூவனும் பர்செல்லும் ஜன்னலுக்கு வெளியே பொருத்திய கொம்பு ஆன்டெனாவால் அதைப் பிடித்துக் காட்டினார்கள். இன்று அதே வேலைக்கு ஒரு லேப்டாப்பும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் எனப்படும், யுஎஸ்பியில் செருகும் டிவி டாங்கிள் ஒன்றும் ரிசீவராகப் போதும். ஆர்820டி2 ட்யூனர் உள்ள டாங்கிள் சுமார் 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஒரே நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பார்க்கலாம். ஹைட்ரஜன் கோட்டுக்கு அது தாராளம்.

டாங்கிளில் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஆன்டெனாவை ஒட்டி வரும் முதல் ஆம்ப்ளிஃபயர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதில் சேரும் இரைச்சலைப் பிறகு எதனாலும் நீக்க முடியாது. அதனால் 1420 மெகாஹெர்ட்ஸுக்கென்றே, மற்ற அலைவரிசைகளைத் தடுக்கும் ஃபில்டரோடு வரும் எல்என்ஏ (இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபயர்) ஒன்றை வாங்கி, நீளமான கேபிளுக்கு முன்னால், ஆன்டெனாவிலேயே மாட்டுங்கள். நகரத்தில் ஃபில்டர் இல்லாவிட்டால் செல்போன் டவர்கள் ரிசீவரைத் திணறடித்துவிடும். ஆன்டெனாவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கிரிட் டிஷ் போதும். அட்டையில் அலுமினியத் தாள் ஒட்டிச் செய்த கொம்பு ஆன்டெனாவிலும் பலர் பிடித்திருக்கிறார்கள்.

சிக்னலைத் திரையில் நேரடியாகத் தேடாதீர்கள், தெரியாது. அது இரைச்சலுக்குள் மிக லேசான ஒரு மேடு. சில நிமிடங்களுக்குச் சராசரி எடுக்க வேண்டும். பிறகு டிஷ்ஷைப் பால்வீதியை விட்டு விலக்கி இன்னொரு சராசரி எடுத்து, அதனால் முதலாவதை வகுங்கள். டாங்கிளும் ஃபில்டரும் போடும் வளைவு பெருமளவு போய், ஹைட்ரஜன் மேடு தனியாக எழுந்து நிற்கும். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு 'ஒன்றும் வரவில்லை' என்று கைவிடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் சிக்னல் அங்கேயேதான் இருந்திருக்கும்.

வந்தது உண்மையான ஹைட்ரஜன்தானா? வானம் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்கிறது. ஒரு மீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே டிஷ்ஷை அசைக்காமல் விட்டால் மேடு மெல்ல ஏறி இறங்க வேண்டும். பக்கத்து வீட்டு அடாப்டர் தரும் கோடு அப்படி வானத்தோடு சேர்ந்து நகராது.

இதற்கு அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வாயு நம்மை நோக்கி நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் கோடு சுமார் 4.7 கிலோஹெர்ட்ஸ் மேலே தள்ளிப்போகும். பால்வீதி கடந்து செல்லும் சிக்னஸ் விண்மீன் குழுவின் பக்கம் திருப்பினால் ஒரு மேடு அல்ல, இரண்டு மூன்று மேடுகள் தெரியும். நம் அருகிலுள்ள வாயு ஒன்று, அதைத் தாண்டி பெர்சியஸ் என்ற சுருள் கரம், இன்னும் வெளியே இன்னொரு கரம். பால்வீதியின் சுருள் கரங்களை உங்கள் மாடியிலிருந்தே வேகத்தால் பிரித்துப் பார்க்கிறீர்கள்! அதனால்தான் டிசிஎக்ஸ்ஓ (வெப்பநிலை மாறினாலும் அலைவரிசை விலகாத ஆஸிலேட்டர்) உள்ள டாங்கிளை மட்டும் வாங்கச் சொல்கிறேன். அலைவரிசையில் ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிழை என்றால் வேகத்தில் நொடிக்கு 0.3 கிலோமீட்டர்தான் தவறும்; 50 பிபிஎம் பிழை என்றால் சுமார் 15 கிலோமீட்டர் தவறிவிடும்.

தமிழ்நாட்டில் செப்டம்பர் கடைசியில் இரவு எட்டரை மணி வாக்கில் சிக்னஸ் வடக்கே சுமார் 60 பாகை உயரத்தில் இருக்கும். மார்ச் கடைசியில் அதே இடத்துக்குக் காலை எட்டரைக்கு வரும். வெயிலும் மேகமும் இந்த அலைவரிசைக்குத் தடையே இல்லை, பகலிலேயே தொடங்கலாம்.