ஆஃப்ரோடு பயணத்தில் உபரி பெட்ரோலை எப்படி எடுத்துச் செல்வது? கேனிலிருந்து டாங்குக்கு எப்படி மாற்றுவது?

கேனில் கொண்டுபோவது பெரிய வித்தையல்ல. டாங்குக்கு மாற்றும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் மாட்டிக்கொள்வோம். நீங்களும் வீட்டில் கிடந்த தோட்டக் குழாயில் ஒரு துண்டு வெட்டி வைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

பெட்ரோலுக்கென்றே விற்கும் 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்தான் வாங்கியிருந்தேன், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் விடியற்காலைக் குளிரில் கழுத்து வரை நிரப்பினேன். வெப்பம் 30 டிகிரி ஏறினால் 20 லிட்டர் பெட்ரோல் அரை லிட்டருக்கு மேல் விரியும் என்பது அன்று எனக்குத் தெரியாது. நடுப்பகலில், மணலில் திணறித் திணறி நண்பரின் வண்டி டாங்கைக் காலிசெய்து நின்றபோது, மேற்கூரையில் கட்டியிருந்த என் கேன் பூரி போல உப்பியிருந்தது. மூடியைப் பாதி திருகியதுமே சீறி என் சட்டையை நனைத்தது.

ஊற்றும் மூக்கை வீட்டிலேயே விட்டுவிட்டேன். கேன் உயரத்தில்தானே இருக்கிறது, உறிஞ்சிவிட்டால் தானே இறங்கும் என்று குழாயை வாயில் வைத்தேன். பச்சைக் குழாய், பெட்ரோல் எங்கே வருகிறது என்று தெரியவில்லை. தெரிந்தபோது அது தொண்டையில் இருந்தது. ஒளி புகும் குழாய் என்றால் பயமில்லை என்று எழுத வருபவர்களுக்கு: அப்போதும் முதலில் நெஞ்சுக்குள் போவது ஆவிதான். ஒருவர் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்கப் பார்த்தார். நல்லவேளை, இன்னொருவர் தடுத்தார். வாந்தியில் மேலே வரும் பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்று மருத்துவர் பிறகு திட்டினார். இரண்டு நாள் ஏப்பத்தில் பெட்ரோல் மணத்தது.

இப்போது நான் ரப்பர் உருண்டையை அமுக்கும் கைப்பம்புதான் வைத்திருக்கிறேன். கேனில் மேலே கொஞ்சம் இடம் விடுகிறேன். நிரப்பும்போது கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, பங்க் குழாயின் மூக்கு கேனின் வாயைத் தொட்டபடி பிடிக்கிறேன். உரசலில் சேரும் நிலைமின்சாரத்தின் பொறி ஒன்று போதும், தீப்பிடிக்க. டீசல்காரர்கள் சிரிக்கலாம். ஆனால் டீசலைப் போலன்றி, பெட்ரோல் உறைபனியிலும் பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, வண்டிக்குள் தரையோடு தேங்கும். அதனால் கேனை இருக்கைக்குப் பின்னால் வைக்காதீர்கள். கூரையும் உத்தமம் இல்லைதான்: 20 லிட்டர் ஏறத்தாழ 15 கிலோ, பக்கச் சரிவில் இரண்டு கேன் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். வெளியே, பின்பக்கத்தில் தாங்கி வைத்துக் கட்டுகிறேன். பின்னால் வரும் வண்டி மோதினால் என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். கேட்கலாம்; எந்த இடத்துக்கும் ஒரு குறை உண்டு. கேனில் எடுத்துச் செல்லலாமா, எவ்வளவு எடுத்துச் செல்லலாம் என்ற சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது அந்த நண்பரையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் ஒருநாளும் உபரி பெட்ரோல் கொண்டுவர மாட்டார். பாரம் குறைந்தால்தான் மணலில் வண்டி மிதக்கும் என்பார். எங்கள் கேன்களைச் சுமந்து புதைவது நாங்கள். அன்று மிச்சப் பெட்ரோலோடு வாங்கிப் போன கேனும் திரும்பவில்லை. போன மாதம் அவர் வீட்டு மாடியில் பார்த்தேன்: மணல் நிரப்பி, தார்ப்பாய் பறக்காமலிருக்கப் பாரமாக வைத்திருக்கிறார்.