மாடித் தண்ணீர் சுவரோரம் விழுந்தால்

மாடிக் குழாய் சுவரை ஒட்டியே முடிகிறது, அந்த மூலையில் மண் இறங்கிச் சுவரில் விரிசலும் விட்டிருக்கிறது, கரிசல் மண் வேறு என்று எழுதியிருந்தீர்கள். விரிசலை இப்போதே பட்டி பூசி அடைக்காதீர்கள், காசுதான் வீண். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரு மூலை மட்டும் ஊறினால் அஸ்திவாரம் சமமாக நிற்காது.

1000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழைக்கே 900 லிட்டருக்கு மேல் இறங்கும். அதனால் முதலில் குழாய். கீழே ஒரு எல்போ (வளைவு இணைப்பு) போட்டு, 4 அங்குல பிவிசி குழாயில் குறைந்தது 10 அடி தள்ளிக் கொண்டுபோங்கள். 10 அடிக்கு இரண்டரை அங்குலம் வாட்டம் (சரிவு) இருந்தால் நல்லது. மழைநீர் சேகரிப்புக் குழியும் அந்தத் தூரத்தில்தான் இருக்க வேண்டும். சிலர் சுவரடியிலேயே குழி தோண்டிவிடுகிறார்கள், அது வினையை விலைக்கு வாங்குவது.

அப்புறம், மண் இறங்கிய இடத்தில் கிராவல் மண் கொட்டி, அரையடிக்கு ஒருமுறை திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போட்டு இறுக்குங்கள். அதன்மேல் வீட்டைச் சுற்றிலும் 3 அடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சரியும்படி கான்கிரீட். மண்ணை இறுக்காமல் கான்கிரீட் போட்டால் அடுத்த மழையில் அதுவும் உட்காரும்.

ஒரு மழைக்காலம் பாருங்கள். விரிசல் இன்னும் அகலமானால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.