ரைனில் தண்ணீர் குறைந்தது ஏஜென்ட்டின் குற்றமல்ல. தெரிந்ததை மறைத்தது குற்றம்

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கும்பகோணத்தில் வசிக்கிறோம். அவருக்கு இரண்டு முழங்காலிலும் மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. "ஒரே ரூம், பெட்டியை ஒரு தடவை திறந்தால் போதும், அலைச்சலே இல்லை" என்று சென்னையில் உள்ள டிராவல் ஏஜென்ட் சொன்னதை நம்பி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாசெல் வரை ஏழு இரவு ரைன் நதிக் கப்பல் பயணத்துக்கு, விமான டிக்கெட், விசா எல்லாம் சேர்த்து ரூ.6,80,000 கட்டினோம். அதற்கு மேல் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து நம் பெயரில் அரசுக்குக் கட்டும் வருமான வரி) என்று ரூ.34,000 வாங்கினார். கடந்த ஆகஸ்டில் போனோம். ஆற்றில் தண்ணீர் குறைவு என்று கப்பல் கொலோன் நகரத்தோடு நின்றுவிட்டது. மூன்று இரவு அங்கேயே. தினமும் பஸ்ஸில் போய்த் திரும்பினோம். ரூடஸ்ஹைம் போக ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம். கடைசி இரண்டு இரவு ஸ்ட்ராஸ்பர்க் பக்கம் ஹோட்டலில் தங்கவைத்தார்கள். கூட வந்த இங்கிலாந்து தம்பதிக்கு, புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே கப்பல் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. விருப்பமில்லாவிட்டால் ரத்து செய்யலாம் என்றும் அதில் இருந்தது. அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் ஏஜென்ட்டோ கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, "எல்லாம் கன்ஃபர்ம், நிம்மதியா கிளம்புங்க மேடம்" என்று வாட்ஸ்அப் அனுப்பினார். இப்போது கேட்டால், "இயற்கையின் செயல், ஒப்பந்தத்திலேயே இருக்கு, நான் வெறும் ஏஜென்ட்" என்கிறார். அடுத்த பயணத்துக்கு 25 சதவீதத் தள்ளுபடி கூப்பன் தருவதாகச் சொல்லி ஒரு கடிதத்தில் கையெழுத்து கேட்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள் அம்மா. அந்தக் கடிதத்தில் "முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்திட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே அதைத்தான் நீட்டுவார். முழங்கால் வலியோடு வீடு திரும்பியவருக்கு இன்னொரு கப்பல் பயணத்தின் கூப்பன் எந்த விதத்திலும் ஈடாகாது.

ஏஜென்ட் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டால்தான் உங்கள் வழக்கு பலமாக நிற்கும். காவிரிக்கரையில் இருக்கும் உங்களுக்கு ஆறு வற்றுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கோப்லென்ஸுக்கும் பிங்கனுக்கும் நடுவே கௌப் என்ற சிற்றூர் இருக்கிறது. ரைனில் ஆழம் குறைந்த இடம் அதுதான். அங்குள்ள நீர்மட்ட அளவுகோலைப் பார்த்துத்தான் கப்பல்காரர்கள் மேலே போகலாமா என்று முடிவெடுக்கிறார்கள். 2018 அக்டோபரில் அந்த அளவு 25 சென்டிமீட்டர் வரை இறங்கியது; 2022 ஆகஸ்டிலும் மிக மோசம். கப்பலை நிறுத்தியது பயணிகளின் பாதுகாப்புக்காக. அதைக் குறை சொல்லி வழக்குப் போட்டால் நிற்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அளவுகோல் காட்டும் எண் ஆற்றின் ஆழம் அல்ல. கௌபில் 78 சென்டிமீட்டர் என்றால், கப்பல் போகும் தடத்தில் சுமார் 1.90 மீட்டர் ஆழம் இருக்கிறது என்று பொருள். புகாரில் "ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் இருந்தது" என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே உங்கள் மற்ற சொற்களின் நம்பகத்தன்மையையும் குலைத்துவிடுவார்கள்.

நம் வழக்கு வேறு இடத்தில் இருக்கிறது. கௌப் நீர்மட்டம் ஜெர்மனியின் அரசு நீர்வழித்துறையால் தினமும் இணையத்தில் வெளியிடப்படுகிறது. தண்ணீர் குறைந்து வருவது கப்பல் கம்பெனிக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இங்கிலாந்துக்காரருக்கு மெயில் போனது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(11) பிரிவு, 'சேவைக் குறைபாடு' என்றால் என்ன என்று விளக்கும்போது, தொடர்புடைய தகவலை நுகர்வோரிடமிருந்து வேண்டுமென்றே மறைப்பதையும் அதில் சேர்த்திருக்கிறது. 1986-இன் பழைய சட்டத்தில் இவ்வளவு தெளிவாக இது கிடையாது. பத்து நாள் முன்பு உங்களிடம் சொல்லியிருந்தால், பஸ் பயணம் தாங்காத கணவரை அழைத்துக்கொண்டு நீங்கள் கிளம்பியிருக்கவே மாட்டீர்கள். அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பைத்தான் உங்களிடமிருந்து பறித்திருக்கிறார்கள். புகாரின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இயற்கையின் செயல் என்பது நஷ்டஈட்டுக்கு எதிரான வாதமாகலாம். தராத சேவைக்கு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ள அது அனுமதி ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டுத் தொகுப்புப் பயண உத்தரவின் 14-ஆவது பிரிவு இதையே சொல்கிறது: தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழ்நிலை என்றால் இழப்பீடு கேட்க முடியாது, ஆனால் குறைந்த சேவைக்கு ஏற்ற விலைக்குறைப்பு உண்டு. சென்னையில் வாங்கிய பேக்கேஜுக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நுகர்வோர் ஆணையத்தின் முன் எது நியாயம் என்று காட்ட அது நல்ல உதாரணம். கப்பல் பயணிகளுக்கான ஐரோப்பிய ஒழுங்குமுறை 1177/2010-ஐ நம்பி இறங்க வேண்டாம். அதில் உள்ள தாமத இழப்பீடு சுற்றுலாக் கப்பல் பயணிகளுக்குக் கிடையாது.

"நான் வெறும் ஏஜென்ட்" என்ற வாதத்துக்கு வருவோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 230-ஆவது பிரிவின்படி, யார் சார்பில் செயல்படுகிறார் என்று வெளிப்படையாகச் சொன்ன ஏஜென்ட் பொதுவாகத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக மாட்டார். அதைத்தான் அவர் பிடித்துக்கொள்வார். பதில் உங்கள் பில்லிலேயே இருக்கிறது. டிசிஎஸ் என்று ரூ.34,000 வசூலித்திருக்கிறாரே, நீங்கள் பணம் கட்டியபோது இருந்த வருமான வரிச் சட்டம் 206சி(1ஜி) பிரிவின்படி அதை வசூலிக்க வேண்டியவர் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர். வரித்துறையிடம் விற்பவராக நின்றவர், உங்களிடம் மட்டும் இடைத்தரகராக நிற்க முடியாது. உங்கள் 26ஏஎஸ் படிவத்தை (உங்கள் பெயரில் வசூலான வரிகளைக் காட்டும் வருமான வரித்துறைப் பட்டியல்) பதிவிறக்கி, வசூலித்தவர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஏஜென்ட் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அந்தப் பக்கம் உங்களுக்கு முக்கியமான ஆவணம். (அந்த ரூ.34,000-ஐ வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று நினைத்து ஓய்வூதியர்கள் பலர் கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.) எப்படியிருந்தாலும் "நிம்மதியா கிளம்புங்க" என்று எழுதியது அவர் கை. அது அவருடைய சொந்தச் சேவையில் வந்த குறை. கப்பல் கம்பெனியை இரண்டாம் எதிர்தரப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் எதிர்தரப்பினர் ஏஜென்ட்தான். கம்பெனி தகவல் சொல்லியும் அவர் மறைத்தாரா, கம்பெனியே அவருக்குச் சொல்லவில்லையா என்பதை அவர்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்.

சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை ரூ.50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையம் போதும். ரூ.5 லட்சத்துக்கு மேல் ரூ.10 லட்சம் வரை கட்டணம் வெறும் 200 ரூபாய். "வழக்குகள் இன்ன ஊரில்தான்" என்று ஒப்பந்தத்தில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். இந்தச் சட்டம் மற்ற சட்டங்களோடு கூடுதலாகக் கிடைக்கும் பரிகாரம் என்று 100-ஆவது பிரிவு சொல்கிறது.

வக்கீல்களே சில சமயம் தவறும் இடம் ஒன்று. ஒப்பந்தத்தில் உள்ள 'இயற்கையின் செயல்' ஷரத்தே அநியாயமானது, ரத்து செய்யுங்கள் என்று கேட்டால் அது 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற வகைக்குள் போய்விடும். அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு, மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. ஆகவே புகாரைச் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருதலைப்பட்சமான ஷரத்துகளை ஒப்பந்தத்தில் நுழைப்பதே நியாயமற்ற வணிக நடைமுறைதான் என்று பயனியர் அர்பன் லேண்ட் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு என்றாலும் மாவட்ட ஆணையத்திலும் எடுத்துக்காட்டலாம்.

எவ்வளவு கேட்பது? முழு ஆறு லட்சத்து எண்பதாயிரத்தையும் கேட்க வேண்டாம். விமானத்தில் போனீர்கள், முதல் இரண்டு இரவு கப்பல் ஓடியது, நின்ற கப்பலிலும் அறையும் சாப்பாடும் கிடைத்தது. இவற்றையெல்லாம் கழித்துவிட்டு நாணயமான ஒரு தொகையைக் கேட்கிறவர் மீது ஆணையத்துக்கு நம்பிக்கை வரும். டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் தனித்தனியாக எவ்வளவு என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள். மிச்சம்தான் கப்பலுக்கான தொகை. அதில் ஐந்து இரவுகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன. ஹோட்டலில் கழித்த இரண்டு இரவுக்கு முழுப் பங்கு, நின்ற கப்பலில் கழிந்த மூன்று இரவுக்குப் பாதிப் பங்கு, அதற்கு வட்டி என்று நான் எழுதுவேன். மன உளைச்சலுக்கும் உங்கள் கணவரின் வலிக்கும் தனியாக ஒரு தொகை. முன்பதிவின்போதே அவருடைய முழங்காலைப் பற்றிச் சொன்னதற்குச் சான்று இருந்தால் இந்தப் பகுதி நன்றாக நிற்கும். திரும்பி வந்தபின் பிசியோதெரபிக்குப் போயிருந்தால் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

முதலில் ஏஜென்ட்டுக்கும் கம்பெனிக்கும் ஒரு நோட்டீஸ், ஸ்பீடு போஸ்ட்டில், 15 நாள் அவகாசம் கொடுத்து. பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே பேச வருவார்கள். வராவிட்டால் ஆன்லைனிலேயே புகார் பதியலாம். பயணம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது என்றாலும் தள்ளிப்போடாதீர்கள்.

ஏனென்றால் உங்கள் வலுவான சாட்சியம் ஒரு அந்நியரின் மெயில் பெட்டியில் இருக்கிறது. நீங்கள் எடுத்த போட்டோவில் தேதியும் அனுப்பியவர் முகவரியும் தெளிவாகத் தெரிகிறதா? அந்த இங்கிலாந்து தம்பதியின் தொடர்பு எண் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: மெயிலை அப்படியே உங்களுக்கு ஃபார்வர்டு செய்யச் சொல்லுங்கள், தாங்கள் அதே கப்பலில் வந்ததாகவும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட்டோடு விடாமல், முழுதாக எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாகக் காட்டத் தேவையான, 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படியான சான்றிதழை அதோடு இணைக்க வேண்டும். அந்தச் செய்தி வந்த போனை அதுவரை மாற்றவோ விற்கவோ வேண்டாம்.